அரசாங்கக் கம்பியின் சுருதி

1871 பெப்ரவரி 6, திங்கள். கண்டி.

பேராதனை வீதியில் கோப்பி வண்டிக்காரன் ஒருவன் பதினேழாம் கம்பத்தை இடித்துச் சாய்த்துவிட்டான். கேட்டால், "நான் நேராத்தான் வந்தேன், கம்பந்தான் குறுக்க நின்னுச்சு" என்கிறான். நிமிர்த்தி முடிக்க அரை நாள் போயிற்று.

மீதி நேரம் தந்திக் கம்பியின் தொங்கலை அளந்தோம். விடியற்காலைக் குளிரில் அளந்தால் கம்பி இறுகி நிற்கும். அதே கம்பி உச்சிவெயிலில் ஒரு சாண் இறங்கிவிடும். இரும்பு குளிரில் சுருங்கும், வெயிலில் நீளும். இதை என் கீழ் வேலை செய்யும் அழகையாவுக்கு நூறு தடவை சொல்லியாயிற்று. தலையை ஆட்டுகிறான். மண்டைக்குள் போனதாகத் தெரியவில்லை. கொழும்பில் இரண்டு வருஷம் படித்து வந்தது இவர்களுக்குப் பாடம் எடுக்கத்தானா?

பெப்ரவரி 9, வியாழன்

மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து முற்றத்தில் நம்முடைய கம்பம் ஒன்று நிற்கிறது. அது சாயாமல் இழுத்துப் பிடிக்கும் இழுகம்பியில் பிள்ளைகள் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள்! உள்ளே போய்ச் சத்தம் போட்டேன்.

உபாத்தியாயினி வெளியே வந்தாள். பெயர் ரத்தினம்மா. தகப்பன் திருநெல்வேலியிலிருந்து தோட்டங்களில் மிஷன் ஊழியம் செய்ய வந்தவராம். பேச்சிலேயே அந்த ஊர் தெரிகிறது.

"இது அரசாங்கச் சொத்து" என்றேன்.

"அவுக்கச் சொல்லுதேன். அதுக்கு ஏன் கத்துதீங்க? கொழும்புக்குக் கேக்கணும்னா உங்க கம்பியிலயே சொல்லலாமே."

பின்னால் பன்னிரண்டு பிள்ளைகளும் சிரித்தன. அதில் ஒன்று நம் அழகையாவின் மகள் ராக்கம்மா. ஒன்பது வயது. சிரிப்புச் சத்தம் மற்றப் பதினொன்றையும் சேர்த்ததைவிடப் பெரிது.

கோபம் ஆறிய பிறகு ரத்தினம்மாவே கதையைச் சொன்னாள். மார்ச் 25ஆம் திகதி சந்தா கொடுக்கும் கனவான்கள் வருகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு இந்த வகுப்புத் தேவையா, மூடிவிடலாமா என்று அன்றைக்கு முடிவு சொல்வார்களாம். வாசிப்பும் கணக்கும் போன வருஷமே காட்டியாயிற்று. யாருக்கும் திருப்தி இல்லை. இந்த முறை பாட்டு. பாட்டை அவளே கட்டியிருக்கிறாள். ஆனால் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி தின்றுவிட்டது. வாத்தியம் இல்லாமல் பாடினால் பன்னிரண்டு பிள்ளைகளும் பன்னிரண்டு இடத்தில் தொடங்குகிறார்கள்.

"என்னட்ட ஒரு வாத்தியம் இருக்கு. நாலே நரம்புதான். நான் வந்து வாசிக்கிறன்" என்றேன்.

இருக்கிறதா? இல்லை. மஹ்மூத் கடையில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வாசிக்கத் தெரியுமா? தெரியாது. அவள் கேட்டாளா? கேட்கவும் இல்லை!

பெப்ரவரி 10, வெள்ளி

மஹ்மூத்தின் கடைக்கு மேல் அறையில்தான் நான் குடியிருக்கிறேன். என் வயதுதான் அவனுக்கும். உப்பு, புளி, லாந்தர், கோப்பிச் சாக்கு எல்லாம் விற்கிறான். 'இருக்கு' என்பது அவன் வாயில் 'ஈக்கிது'. காலித் துறையில் ஒரு கப்பற்காரனிடம் இந்தச் சின்னக் கித்தாரை வாங்கினானாம். மதேரா என்றொரு தீவில் செய்ததாம். முழங்கை நீளந்தான் இருக்கும்.

"ஆறு மாசமா இது இங்க தொங்கிட்டு ஈக்கிது. கேட்ட ஒரே மனுசன் நீங்கதான். கொண்டு போங்க. ஆனா ஒண்டு, கடை மூடினதுக்குப் பொறகுதான் தட்டணும்."

"ஏன்?"

"யாவாரம் ஈக்கிதே, ராஜலிங்கம்."

பெப்ரவரி 12, ஞாயிறு

நரம்பைக் கூட்டுவது ஒரு பெரிய வித்தையா? இழுவிசைதானே. நாலு நரம்புக்கும் சமமான இழுவிசை கொடுத்தால் தானாகச் சரியாக வரும் என்று கணக்குப் போட்டேன். மஹ்மூத்தின் படிக்கற்களை வாங்கி, நரம்பின் நுனிகளில் ஒவ்வொரு நரம்புக்கும் ஐந்து றாத்தல் வீதம் கட்டித் தொங்கவிட்டேன்.

நாலும் நாலு விதமாகச் சத்தம் போட்டன. ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. பாரத்தை ஏற்றினேன். மூன்றாவது நரம்பு அறுந்தது. படிக்கல் தரைப் பலகை இடுக்கு வழியே கீழே கடைக்குள் விழுந்தது.

"அல்லாஹ்வே! என்ட வெங்காயம்!"

பெப்ரவரி 13, திங்கள்

வெங்காயம் பொறுக்கினேன்.

பெப்ரவரி 15, புதன்

கொழும்பிலிருந்து ரயிலில் புது நரம்பு வந்தது. கட்டினேன்.

என் முகத்துக்குப் பக்கமாக இருக்கும் நரம்பு மெல்லியது. இது பிழை. அங்கே இருக்க வேண்டியது கனத்த குரல். அதிலிருந்து படிப்படியாக ஏறிப்போக வேண்டும். ஏணியின் மேற்படியைக் கொண்டுவந்து அடியில் வைத்தவன் யார்? கப்பற்காரன் குடித்துவிட்டுக் கட்டியிருப்பான். அந்த நரம்பை இறக்கினேன். இறக்க இறக்கக் கொடியில் போட்ட சாரம் மாதிரித் தொங்கிற்று. தட்டினால் சத்தமே இல்லை, பொத் பொத் என்கிறது.

கீழேயிருந்து மஹ்மூத்: "மீன் வெட்டுறீங்களா?"

பெப்ரவரி 17, வெள்ளி

மஹ்மூத் ஒரு கள்ளன்! கப்பற்காரன் இதைக் கூட்டும்போது நாலு நரம்பையும் வரிசையாகத் தட்டித் தட்டிக் காட்டினானாம். அந்த மெட்டு இவனுக்கு அப்படியே மனப்பாடம். ஆறு மாதமாக அதே மெட்டில்தான் கடை வாசலில் நின்று கூவுகிறான்:

"உப்பு— புளி— மல்லி— மிளகு!"

"ஏன்ரா முதலே சொல்லேல்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? படிக்கல்லைத்தானே கேட்டீங்க."

உப்பு மேலே நிற்கிறது. புளியில் சட்டென்று இறங்குகிறது. மல்லியில் கொஞ்சம் ஏறி, மிளகில் உப்பையும் தாண்டிவிடுகிறது. அப்படியென்றால் முதல் நரம்பு மெல்லியதாக இருப்பதுதான் சரி. கப்பற்காரன் குடிக்கவில்லை.

அவன் கூவக் கூவ முறுக்கினேன். அரை மணித்தியாலத்தில் நாலும் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரேயடியாக விரலால் வருடினேன். அடடா! அறை முழுக்க ஒரு வெளிச்சம் வந்ததுபோல் இருந்தது. மஹ்மூத் கடையை விட்டு மேலே ஓடி வந்துவிட்டான். யாவாரமும் ஈக்கவில்லை, ஒன்றும் ஈக்கவில்லை.

பெப்ரவரி 18, சனி

காலையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் கலைந்து போயிருக்கிறது. சனியன்.

பெப்ரவரி 22, புதன்

முறுக்காணிகள் மரம். இரவில் தாமாகவே வழுக்குகின்றன. ரத்தினம்மாவிடம் போய்க் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி கேட்டேன். எதற்கென்று கேட்டாள். முறுக்காணியில் தேய்க்க என்றேன். "வாசிக்கத் தெரியும்னு சொன்ன ஆளுக்கு இது இப்பதான் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு துண்டு தந்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெண்கட்டி வேலை செய்கிறது. இனி இன்னொரு சங்கடம். மஹ்மூத் காலையில் ஒரு சுருதியில் கூவுகிறான், தேத்தண்ணி குடித்த பிறகு வேறொன்றில். றாத்தலுக்கு அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஒரு மூலப் படிக்கல் இருக்கிறது. யார் எங்கே அளந்தாலும் றாத்தல் றாத்தல்தான். சுருதிக்கு அப்படி ஒன்று வேண்டாமா? மனுசத் தொண்டையை நம்பி ஒரு கருவியைக் கட்டலாமா?

பெப்ரவரி 23, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! அதுவும் என் அறைக்குப் பின்னாலேயே நிற்கிறது.

தந்திக் கம்பம். அதில் காதை வைத்தால் கம்பியின் ரீங்காரம் ஒரே சீராகக் கேட்கிறது. அதற்கு இரண்டாவதான 'புளி' நரம்பைப் பொருத்தினேன், மற்ற மூன்றையும் அதிலிருந்து கூட்டினேன். அரசாங்கக் கம்பி. தேத்தண்ணி குடிக்காது, தடிமன் பிடிக்காது.

கம்பத்தைக் கட்டிப் பிடித்து நிற்பதை மஹ்மூத் பார்த்துவிட்டான்.

"கொழும்புல கோப்பி என்ன விலையாம்?"

பெப்ரவரி 28, செவ்வாய்

இரண்டு விரலால் நரம்பை அழுத்தும் பிடி மூன்று பழகியாயிற்று. விரல் நுனி நாலும் கன்றிப்போய்விட்டன. பாட்டுக்கு மூன்று பிடி போதும்.

மார்ச் 2, வியாழன்

முதல் ஒத்திகை. பள்ளி தொடங்குமுன் விடியவே போனேன். நல்ல குளிர். பள்ளி முற்றத்துக் கம்பத்திலேயே காதை வைத்துக் கூட்டினேன். பிள்ளைகள் சுற்றி நின்று வாயைப் பொத்திக்கொண்டன.

பாட்டு இப்படித் தொடங்குகிறது:

கோப்பி பூத்த காலையிலே
கூடை எல்லாம் காத்திருக்க
ஏட்டை எடுத்த கைகளிலே
எழுத்துப் பூத்து வாசம் வீச

கேட்க நல்லாயிருக்கிறது. பாடியதுதான் நல்லாயில்லை. இரண்டாம் அடியிலேயே குரல்கள் கிறீச்சிட்டன. மூன்றாம் அடியில் பாதிப் பேருக்குச் சத்தமே வரவில்லை.

"பிள்ளைகள்தான் பிழை விடுதுகள். வாத்தியம் சரி" என்றேன்.

ரத்தினம்மா பிள்ளைகளைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

மார்ச் 4, சனி

இரண்டாம் ஒத்திகை, பகல் இரண்டு மணி. வெயில் கொளுத்துகிறது. முறைப்படி கம்பத்தில் காதை வைத்தேன், கூட்டினேன். இன்றைக்குப் பிள்ளைகள் கிணற்றுத் தவளை மாதிரி உறுமின. ராக்கம்மாவின் குரலே கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் குரல் ஹந்தானை மலையில் கூப்பிட்டால் கண்டியில் கேட்கும்!

"வியாழக்கிழமை வானத்துல, இன்னைக்குப் பாதாளத்துல. என்னதான் நடக்குது?" என்றாள் ரத்தினம்மா.

"உங்கட பிள்ளைகளுக்குக் காது இல்ல. என்ட சுருதி அரசாங்கக் கம்பியோட பொருத்தினது. மயிரிழையும் பிசகாது."

"அப்ப பன்னெண்டு பிள்ளைகளும் பொய், உங்க கம்பி ஒண்ணுதான் நிசமா?"

"ஓம்."

அதைச் சொன்னபோது ராக்கம்மா அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல். அந்தப் பிள்ளை சத்தமில்லாமல் ஒன்றைச் செய்து நான் இதுவரை கண்டதில்லை.

மார்ச் 5, ஞாயிறு

அழுதால் நான் என்ன செய்வது? பிழையைப் பிழை என்று சொல்லக்கூடாதா?

மஹ்மூத்தின் உம்மா அனுப்பிய கருப்பட்டி வட்டிலப்பம் அப்படியே இருக்கிறது. அதைக் கூடச் சாப்பிடாமல் விடுகிறேன் என்றால்—

மார்ச் 6, திங்கள்

அழகையா வேலைக்கு வந்தான். நேரே கம்பத்தில் ஏறிவிட்டான். பத்து மணிக்கு, கம்பத்தின் மேலே இருந்தபடியே கேட்டான்:

"எம் மகளுக்குக் காது இல்லீங்களாய்யா?"

நான் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"வகுப்ப மூடிட்டா அவ ஆத்தாவோட ஹந்தானைக்குக் கோப்பி பறிக்கப் போயிருவா. பரவால்ல, எல்லாரும் போறதுதான். ஆனா இப்ப வீட்டுக்கு வர்ற காயிதம் எல்லாத்தையும் அவதாங்க வாசிச்சுச் சொல்றா. அதுக்குத்தான் கேட்டேன்."

கீழே நின்று அளவு கோலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோல் ஆடிற்று. காற்று என்று சொன்னேன். காற்று இல்லை.

பகல் ஒரு மணிக்குத் திரும்ப அளந்தோம். அழகையா மேலேயிருந்து கத்தினான்: "ஐயா, காலையில இருந்ததுக்கு ஒரு சாண் எறங்கிருச்சு! நீங்கதான சொல்லுவீங்க, வெயில்ல கம்பி தளரும், குளிர்ல இறுகும்னு."

கோலைக் கீழே போட்டேன்.

தளர்ந்த கம்பி. இறுகிய கம்பி. வியாழன் விடியற்காலை. சனி உச்சிவெயில். விசரன்! பெரிய விசரன்! நூறு தடவை அவனுக்குச் சொன்னேனே, எனக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டேனா?

மார்ச் 7, செவ்வாய்

சந்தேகம் இல்லாமல் தெரிய வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு, ஆறு மணியிலிருந்து மணிக்கொரு தடவை கம்பத்தில் காது வைத்தேன். நரம்பை மாற்றாமல் ஒப்பிட்டேன். ஆறு மணிக்கு மேலே. பத்துக்கு இறங்கிற்று. இரண்டுக்கு அடியில். மூன்று மணிக்குக் காற்று எழும்பியதும் திரும்பவும் ஏறிற்று, காற்றுக்கும் ஆடுகிறது! மஹ்மூத்தின் தொண்டை இதைவிட நேர்மையானது.

அதைச் சொன்னதும் மஹ்மூத் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "ராஜலிங்கத்துட வாயாலயா? எழுதித் தாங்க, கடையில ஒட்டி வெக்கிறேன்."

மார்ச் 8, புதன்

பள்ளிக்குப் போனேன். முற்றத்து வாசலில் இரண்டு தடவை திரும்பினேன். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நேரே உள்ளே போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "பிழை என்ட. கம்பி பொய் சொன்னது. உங்களுக்குக் காது நல்லா இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றேன். மூச்சு விடாமல். பிறகு கம்பி ஏன் ஏறி இறங்கும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளங்கப்படுத்தினேன். அதற்கு இருபது நிமிஷம் பிடித்தது.

ரத்தினம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, "மன்னிப்பு ஒரு வரி, விளக்கம் ஒரு பலகை" என்றாள். சிரித்தாளா? வெண்கட்டித் தூசுக்குள் சரியாகத் தெரியவில்லை. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு, "எதுக்கு வெளிய போய் சுருதி தேடுதீங்க? பாடப்போறது யாரு?" என்று கேட்டுவிட்டு ராக்கம்மாவைக் கூப்பிட்டாள். "உனக்கு எங்க சொகமா இருக்கோ அங்க பாடு பிள்ள."

ராக்கம்மா என்னைப் பார்த்தாள். சந்தேகப் பார்வை. நியாயந்தான். பிறகு வாயைத் திறந்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த இடத்தில் 'புளி'யைக் கட்டினேன். விடியற்காலைக் கம்பியைவிட ஒரு முழுப் படி கீழே; பகல் கம்பியைவிட மூன்று படி மேலே.

பன்னிரண்டு பேரும் பாடினார்கள். கிறீச்சும் இல்லை, தவளையும் இல்லை. கடைசி அடியில் நான் பிடியை மாற்ற மறந்து கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன்.

மார்ச் 15, புதன்

ஒத்திகை. ஒத்திகை. பிள்ளைகள் எல்லாம் இப்போது 'உப்பு, புளி' பழகிவிட்டார்கள். நான் முறுக்காணியைத் தொட்டால் போதும், ஆரம்பித்துவிடுகிறார்கள். தோட்டமெல்லாம் கோப்பி பூத்திருக்கிறது. ஹந்தானை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருக்கிறது. ரத்தினம்மா ஒரு கொத்தைக் கொண்டையில் வைத்திருந்தாள். நான் அதைப் பார்க்கவில்லை. எழுதுவதற்காகச் சொல்கிறேன்.

மார்ச் 24, வெள்ளி

நாளைக்கு. எழுத்தே கோணல்.

மார்ச் 25, சனி

கனவான்கள் ஐந்து பேர். கச்சேரி அதிகாரியான முதலியார் நடுக் கதிரையில் உட்கார்ந்தார். மூன்று மணிக்கு வானம் இருண்டது, நாங்கள் எழும்பியதும் மழை கொட்டிற்று. ஈரத்தில் நரம்பெல்லாம் நெகிழ்ந்துவிட்டது. நான் பரபரவென்று முறுக்கினேன். எனக்குப் பொறுமை எங்கே? 'மிளகு' டங்கென்று அறுந்து முதலியாரின் தலைப்பாகை வரை தெறித்தது.

மாற்று நரம்பு அறையில். மழையோ மதில் மாதிரி நிற்கிறது. முதலியார் பக்கத்துக் கனவானிடம் ஏதோ முணுமுணுத்தார். ரத்தினம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அப்போது ராக்கம்மா, ஒருவரும் கேட்காமலே, வாயைத் திறந்தாள்.

"உப்பு—"

மற்றப் பதினொருவரும் சேர்ந்துகொண்டார்கள். "புளி— மல்லி— மிளகு!" ஒருமுறை. இன்னொருமுறை. நான் அந்தக் குரல்களுக்கு மிச்சமிருந்த மூன்று நரம்பையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். இந்தத் தடவை மெதுவாக.

"இதென்ன, பாட்டா? கடையா?" என்றார் முதலியார்.

ஜன்னலுக்கு வெளியே, குடைக்குக் கீழே நின்ற மஹ்மூத்: "கடை என்டதான் ஐயா!"

கனவான்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் பாட்டுத் தொடங்கிவிட்டது. மழைக்கு மேலாலே கேட்டது. 'எழுத்துப் பூத்து' என்ற இடத்தில் முதலியார் விரலால் கதிரையில் தாளம் போட்டார். நான் கண்டேன்.

முடிந்ததும் ராக்கம்மாவைக் கூப்பிட்டு, "வாத்தியம் கெட்டுப்போச்சே, பயமாயிருக்கல்லியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. வாத்தியம் எங்களுக்குப் பின்னாலதாங்க வரும்."

பிறகு அவள் கையில் ஒரு கடுதாசியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தங்குதடையில்லாமல் வாசித்தாள். வாசலில் நனைந்துகொண்டு நின்ற அழகையா திரும்பிக்கொண்டான்.

மார்ச் 27, திங்கள்

வகுப்பு மூடப்படவில்லை. இன்னும் எட்டுப் பிள்ளைகள் உட்கார வாங்குப் பலகை செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

அழகையா இன்று கம்பத்தின் உச்சியில் இருந்து பாடினான். சகிக்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 19, திங்கள்

ஆர்மோனியம் திருத்தி வந்துவிட்டதாம். ரத்தினம்மா ஆள் அனுப்பிச் சொன்னாள். போனேன்.

"இனி உங்களுக்கு இங்க வேல இல்ல, தந்திக்காரரே."

"ஓம். தெரியுது."

"பெறகு ஏன் அந்தச் சின்னதையும் தூக்கிட்டு வந்தீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. இந்தத் தடவை படம் போடாமல் ஒரு வரியில் சொன்னேன். பிள்ளைகள் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டார்கள். இந்நேரம் கண்டி முழுக்கத் தெரிந்திருக்கும்.

1872 பெப்ரவரி 6, செவ்வாய்

பேராதனை வீதியில் பதினேழாம் கம்பம் திரும்பவும் சாய்ந்துவிட்டது. வேறு வண்டிக்காரன், அதே நியாயம்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கால் மணி நேரம் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. நல்ல குளிர். நரம்பெல்லாம் கலைந்திருந்தன. நான் முறுக்காணியைத் தொடாமல் காத்திருந்தேன். அடுப்படியில் ரத்தினம் (கல்யாணத்துக்குப் பிறகு 'அம்மா'வை விட்டுவிட்டேன்) தோசைக் கல்லைக் கழுவிக்கொண்டே ஏதோ பாடத் தொடங்கினாள். தொண்டை கொஞ்சம் கட்டியிருந்தது. நேற்றையைவிட அரைப் படி கீழே.

'புளி'யை இறக்கிக் கட்டினேன்.